பசு அக்கா

லெம்பாங் மலையில் ஹாஜி சொபாரியின் மாட்டுப் பண்ணைக்கு வந்துபோன எந்தப் பிள்ளைக்கும் இமாஸ் என்ற பெயர் தெரியாது. பசு அக்கா என்றால் தெரியும். பாண்டுங் நகரத்திலிருந்து பேருந்து பேருந்தாக வரும் பாலர் பள்ளிப் பிள்ளைகள், இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்குவார்கள். இமாஸ் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். "மாட்டுக்கும் அதே சந்தேகம்தான். இன்னைக்குக் காலைல யாரெல்லாம் குளிக்கலைன்னு அது கேக்குது" என்பாள். ஒரு பிள்ளை இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சிரிப்பில் மூக்கிலிருந்து கைகள் இறங்கிவிடும்.

பிறகு வரிசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெந்நீரில் கை கழுவிவிடுவாள். குட்டி முக்காலியில் உட்காரவைத்து, அந்தப் பிஞ்சுக் கையின்மேல் தன் கையை வைத்துக் காம்பைப் பிடிக்கச் சொல்லித் தருவாள். முதல் பீச்சு தகரத் தூக்கில் 'சர்'ரென்று விழும்போது பிள்ளையின் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசிரியைகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் ஆளுக்கொரு ஸ்ட்ராபெரி பால் பொட்டலம். பேருந்து திரும்பும்போது ஜன்னலெல்லாம் கைகளாக இருக்கும்.

அத்தனை பிள்ளைகளும் தொட்டுப் பீச்சியது ஒரே மாட்டைத்தான். கறுப்பும் வெள்ளையுமாக, வயிறு பெருத்த, வயதான பசு. யார் எப்படி இழுத்தாலும் அசையாமல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடமே அதனிடம்தான் வருகிறதென்று கறவைக்காரர்கள் அதற்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இமாஸுக்கு இந்த வேலை தற்செயலாக வாய்த்தது. அவள் பண்ணைக்குப் புல் அறுக்க வந்தவள். அவள் அப்பாவும் ஊரார் மாடுகளுக்குப் புல் அறுத்தே காலத்தை ஓட்டியவர். இருபது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் லாரியில் கிளீனர். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நல்ல கூலி என்று களிமந்தானுக்குக் கப்பல் ஏறினான். கொஞ்ச காலம் பேச்சு வந்தது. அப்புறம் அங்கே அவனுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்திதான் வந்தது. இமாஸுக்குக் குழந்தை இல்லை. துணிமணியைச் சாக்கில் கட்டிக்கொண்டு பாசிர்ஹொஞ்சே கிராமத்தில் இருந்த தம்பி யாயத் வீட்டுக்கு வந்தாள். தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறையைத் தடுத்துக் கொடுத்தான். நடுவில் மூங்கில் தட்டிதான். தம்பியின் மூன்று மாடுகளும் விடும் மூச்சில் அந்த அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். மலைக்குளிரில் வீட்டிலேயே நல்ல அறை அதுதான் என்று தம்பி பெண்டாட்டி தீத்தா சொல்வாள். தீத்தாவின் மகள் சீஃபா நடக்கத் தொடங்கியதிலிருந்து அத்தையோடுதான் படுக்கை.

பண்ணையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்ற ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். ஒரு நாள் அவள் வரவில்லை. பேருந்து வந்துவிட்டது. ஹாஜியார் கண்ணில் பட்டது மடி கழுவிக்கொண்டிருந்த இமாஸ்தான். நீ போய் மாட்டைப் பற்றி எதையாவது சொல்லு என்று தள்ளிவிட்டார். அவள் பிள்ளைகள் முன்னால் போய் நின்றாள். "இது மாடு" என்றாள். "தெரியும்" என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு குனிந்து, தூரத்தில் உட்கார்ந்திருந்த பூனையின் வாய்க்குக் குறிபார்த்து ஒரு பீச்சு பீச்சினாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஹாஜியாரே ஓடிவந்து பார்த்தார். கல்லூரிப் பெண் அதற்குப் பிறகு வரவே இல்லை. வந்திருந்தாலும் அவளுக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

அப்படிப் போன பத்துப் பதினைந்து வருஷத்தைத் தன் வாழ்க்கையில் நல்ல காலம் என்று இமாஸ் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் விடுமுறை நாளில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பண்ணைப் பக்கம் போய்விடுவாள் என்பது கிராமத்துக்கே தெரியும்.

உலகமெல்லாம் அந்தச் சளிக்காய்ச்சல் பரவி, பள்ளிக்கூடங்களை இழுத்து மூடினார்கள். இரண்டு வருஷம் ஒரு பேருந்து வரவில்லை. சுற்றுலாக்காரர் இல்லாமல் பண்ணை பாலை மட்டும் நம்பித் தத்தளித்தது. பாதி மாடுகள் போயின. ஹாஜியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நிர்வாகம் மருமகன் கிலாங் கைக்கு வந்தது. நகரத்தில் படித்த, கெட்ட எண்ணம் இல்லாத, எதற்கும் பதறுகிற மனிதன். இமாஸ் மறுபடியும் அரிவாளோடு புல்லுக்குப் போனாள். அதுவும் சில நாள்தான் இருக்கும். வீட்டுச் சட்டியில் சோறு வெந்தது யாயத்தின் மூன்று மாடுகளால்தான். விடியலில் அவன் கறப்பான். தீத்தா கேனைச் சுமந்து பால் சங்கத்து வண்டியில் ஊற்றிவிட்டு வருவாள். "நீ சாப்பிட்டியாக்கா" என்று கேட்காமல் யாயத் கை நனைக்க மாட்டான்.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் பள்ளிகள் திறந்தன. பண்ணைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கிலாங் ஓடியாடி வேலிக்கு வண்ணம் அடித்தான். இமாஸைக் கூப்பிட்டு என்னென்ன வேண்டும் என்று கேட்டான். அவள் யோசித்துச் சொன்னாள். பால்புட்டி கொடுக்கக் கன்றுகள் வேண்டும், இருந்ததெல்லாம் இந்த இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிட்டன, முக்காலியில் உட்காரப் பயப்படுகிற சின்னப் பிள்ளைகளுக்குக் கன்றுதான் ஆறுதல் என்றாள். அந்த வாரமே ஒரு வியாபாரி கிழக்கேயிருந்து லாரியில் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினான். நனைந்த மூக்கும் நீண்ட இமைகளுமாக அவை நின்ற அழகைப் பார்த்து இமாஸ் ஒவ்வொன்றையும் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அதில் ஒன்று புட்டியை வாங்கவில்லை. கடைவாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கில் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது. குளம்பு இடுக்கிலும் புண். பிறந்தது முதல் மாட்டோடு மாடாக வளர்ந்தவள் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. அது அவள் அப்பா காலத்திலேயே நாட்டைவிட்டு ஒழித்துக்கட்டின நோய். கோமாரி என்று பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. கிழக்கே எங்கோ மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது என்று கறவைக்காரர்கள் கைப்பேசியில் பார்த்துப் பேசிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

கிலாங்கைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. கன்றுகளைப் பின்னால் இருந்த பழைய கொட்டகைக்கு மாற்றச் சொன்னான். டாக்டரைக் கூப்பிடலாமா என்று இமாஸ் கேட்டதற்கு அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசினான்.

"அக்கா, டாக்டர் வந்தா அடுத்த நிமிஷம் வாசல்ல போர்டு மாட்டிருவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் வண்டி வருது. மனுஷங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, நான் படிச்சுப் பாத்துட்டேன். கன்னுங்களத் தனியாத்தானே வெச்சிருக்கோம். கொஞ்ச நாள் வாயத் தெறக்காம இருங்க. இல்லேன்னா நீங்களும் நானும் மறுபடி புல்லறுக்க வேண்டியதுதான்."

"மத்த மாட்டுக்கு ஒட்டிக்கிட்டா, தம்பி?"

"ஒட்டாது. நீங்க மட்டும் அதுங்களப் பாத்துக்குங்க. வேற யாரையும் விட வேண்டாம்."

ஒட்டாது என்பதை அவள் நம்பினாளா என்று கேட்டால் இல்லை. வாசலில் மறுபடியும் பிள்ளைகள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் தலையாட்டிவிட்டாள். கன்றுகளின் வாயை உப்புநீரால் கழுவினாள். வீட்டுக்குக் கிளம்புமுன் ஓடையில் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பாவாடையையும் முக்காட்டையும் கழுவ முடியாதே. அதோடுதான் வீட்டுக்குப் போனாள், அதோடுதான் மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் சீஃபாவை அணைத்துப் படுத்தாள்.

ஒரு சாயங்காலம் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சோறும் சம்பலும், தவு என்கிற சோயாக்கட்டி பொரித்ததும். பால் சங்கத்து வண்டிக்காரன் சொன்னதாக யாயத் பேச்சை எடுத்தான். மலைக்குக் கீழே ஒரு ஊரில் மாடு வாயில் நுரை தள்ளுகிறதாம், வெளி ஆளைக் கொட்டகைக்குள் விடாதே என்று சொன்னானாம்.

"உங்க பண்ணைல ஒண்ணும் இல்லியேக்கா?"

இமாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லடா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நீ இருக்கற எடத்துல அப்படி வந்தா உனக்குத்தானே மொதல்ல தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் அவள் தட்டில் இன்னொரு தவுவை எடுத்து வைத்தான்.

அவள் அதைத் தின்றாள். அது தொண்டையில் சிக்கவுமில்லை, ஒன்றுமில்லை. வயிறார இறங்கியது. பின்னாளில் அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அந்த வாரம் பெரிய பள்ளி ஒன்று வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள். மலையில் மூடுபனி இன்னும் விலகவில்லை. இமாஸ் எப்போதும்போல் வாசலில் நின்று குளியல் கேள்வியைக் கேட்டாள். சிரித்தார்கள். கொட்டகைக்குக் கூட்டிவந்தபோதுதான் டீச்சரம்மாவைப் பார்த்தாள். கறவைக்காரர்கள் வழக்கம்போல் கழுவித் துடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அது அசைபோடவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றது. கீழுதட்டிலிருந்து நுரை வழிந்து ரிப்பனை நனைத்திருந்தது.

இமாஸ் திரும்பிக் கிலாங்கைத் தேடினாள். அவன் தூரத்தில் தலைமையாசிரியையோடு பேசிக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். பார்வையை எடுத்துக்கொண்டான்.

முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி விரலை நீட்டினாள். "அக்கா, மாட்டு வாயில நொர வருது."

எல்லாப் பிள்ளைகளும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல் சொல்லிப் பேருந்தில் ஏற்றியிருக்கலாம். அவள் வாயிலிருந்து வந்ததோ வேறு. "பல்லு வெளக்கிட்டிருக்கு. நீங்க வர்றீங்கன்னு காலைல இருந்து வெளக்குது, வாய் கொப்புளிக்கத்தான் மறந்துபோச்சு" என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் தம்பியும் கொப்புளிக்க மாட்டான் என்று ஒரு குரல் எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் பிள்ளை தானாகவே முக்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். குண்டுக் கன்னமும் கண்ணாடியுமாக ஒரு பையன்.

இமாஸ் குனிந்து அவன் கையைக் காம்புக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. காம்பிலும் கொப்புளம். கையை இழுத்துக்கொள்ளுமுன் பிள்ளையின் விரல்கள் இறுக்கிவிட்டன.

அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் காலைத் தூக்காத மாடு உதைத்தது. இமாஸ் பையன்மேல் விழுந்து அவனைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். முதல் உதை பட்டுத் தூக்கு சுவரில் போய் மோதியது. அடுத்தது ஊன்றியிருந்த அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மாடு மூன்று காலில் தள்ளாடிச் சறுக்கி, முன்னங்கால் மடிந்து, சிமெண்டுத் தரையில் விழுந்து ஒரு குரல் கொடுத்தது. மஞ்சள் தொப்பிகள் அலறிக்கொண்டு ஓடின. பையனுக்கு ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மட்டும் நொறுங்கியிருந்தது. ஆசிரியை அவனைப் பறித்துக்கொண்டு ஓடும்போது, நோய் மாட்டைக் காட்டவா குழந்தைகளைக் கூட்டிவரச் சொன்னீர்கள் என்று கத்தினாள். இமாஸ் சாணத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே டாக்டர் வந்தார், வாசலில் பலகை தொங்கியது. அதற்குள் ஒவ்வொரு வரிசை மாட்டின் வாயிலும் நுரை. சில மாடுகளுக்குக் குளம்பே கழன்றது. டீச்சரம்மா எழுந்திருக்கவே இல்லை. கறிக்கடைக்காரர்கள் நாலு காலையும் கட்டிப் பலகையில் சறுக்கி லாரியில் ஏற்றினார்கள். இமாஸ் அதைப் பார்க்கவில்லை. எலும்பு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய கையோடு அவள் தம்பி வீட்டில் படுத்திருந்தாள். பிறர் சொல்லக் கேட்டதுதான்.

தம்பியின் மூத்த மாடு ஒரு நாள் காலையில் தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த இமாஸ் அதன் மூச்சு மாறியதைக் கேட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் யாயத் அவள் அறை வாசலில் வந்து நின்றான். கையில் எச்சில் பட்ட துணி.

"எப்பலேர்ந்து தெரியும்க்கா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "அந்தக் கன்னுங்க வந்ததுலேர்ந்து" என்றாள்.

"நான் கேட்டப்போ?"

"தெரியும்டா."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெந்நீர் போடப் போனான். மாடுகளின் வாயை உப்புநீரால் கழுவினான். குளம்புக்கு மருந்து தடவினான். வெல்லத்தைக் கரைத்து மூங்கில் குழாயால் புகட்டினான். மற்ற இரண்டும் அடுத்தடுத்துப் படுத்தன. இமாஸ் இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள்.

"வேண்டாம், நீங்க தொடாதீங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை நீ என்று கூப்பிட்டவன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு எப்போதும் அவன் வாயில் அந்த நீங்கதான்.

டாக்டர் ஊசி போட வந்தபோது இமாஸ் அவரை வழிமறித்து, இது ஆள் துணியில் ஒட்டிக்கொண்டு வருமா என்று கேட்டாள். வரும் என்றார் அவர். பால் வண்டிச் சக்கரத்திலும் வரும், புல்லிலும் வரும், காற்றிலும் வரும், எந்த வீட்டுக்கு எதில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். யாயத்திடம் போய் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் மாட்டின் காலைத் தேய்த்துக்கொண்டே, "இருக்கலாம்" என்றான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளுக்கே அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிக்கொள்ளக் கூசியது.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல காலமாயிருந்தால் ஊரில் மாட்டு வியாபாரிகள் மொய்ப்பார்கள். நொண்டுகிற மாடு குர்பானிப் பலிக்கு ஆகாது. இளைய மாடு ஒரு மத்தியானம் செத்தது. சினையாக இருந்தது. ஊர் ஆண்கள் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அதற்குள் ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான். மற்ற இரண்டையும் கறிக்குக்கூடப் போதாத விலைக்கு லாரிக்காரன் ஏற்றிப்போனான். லாரி போகும்போது தீத்தா மடிமேல் கை வைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் இமாஸை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்கள் இமாஸைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தபோதும் தீத்தா அவள் பக்கத்தில்தான் நின்றாள். அதைத் தாங்க முடியாமல் இமாஸ்தான் கேட்டாள்.

"என்னையத் திட்டக்கூட மாட்டியா தீத்தா?"

"திட்டி என்ன அண்ணி ஆவப்போவுது" என்றாள் அவள். "நீங்க ரெண்டு வருஷம் எங்க சோத்தத் தின்னீங்க. அதச் சொல்லிக்காட்ட வேண்டாம்னு அவர் சொல்லியிருக்காரு. அதான் பேசாம இருக்கேன்."

வெற்றுக் கொட்டகையில் சுவாசம் இல்லாமல்போன பிறகு அந்த அறை பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. சீஃபாவுக்கு இருமல் பிடித்தது. தாய் அவளைத் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். யாயத் பாண்டுங்கில் கட்டட வேலைக்குப் போனான். செங்கல் சுமக்கிற வேலை. மாதத்துக்கொரு முறை வருவான். வரும்போது வீட்டில் எல்லோருக்கும் சலாம் சொல்வதுபோல் அவளுக்கும் சொல்வான். போகச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் தானாகவே துணிமணியைக் கட்டினாள். தீத்தா தடுக்கவில்லை. கிழங்கு வேகவைத்ததைத் துணியில் முடிந்து கொடுத்தாள்.

எங்கே போவது? பண்ணைக்குத்தான் போனாள். ஹாஜியார் அதற்குள் மவுத்தாகிவிட்டார். கடைசிவரை மாடுகள் போனதை அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தார்கள் என்றார்கள். கொட்டகைகளெல்லாம் கழுவிக் காலியாகக் கிடந்தன. கிலாங் மாடே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான். பூந்தோட்டமும் ஊஞ்சலும் முயல் கூண்டும் வைத்தான். படம் எடுக்க மர வண்டி ஒன்று நிறுத்தினான். கொட்டகையில் ஃபைபரில் செய்த பசுக்கள் வந்து நின்றன. வயிற்றுக்குள் தொட்டி. அடியில் ரப்பர் காம்பு. அழுத்தினால் வெள்ளைத் தண்ணீர் வரும்.

இமாஸைக் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்டான். பையனின் தகப்பன் வழக்குப் போடாமல் போனது அவள் தன் கையைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றியதால்தான் என்றான். பிள்ளைகளுக்கு நீங்கள் இல்லாமல் எப்படி என்றான். பழைய கன்றுக் கொட்டகையைத் தடுத்து ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தான். வேறு வேலை செய்ய அவளுக்குக் கை இல்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. விரல்கள் பாதிதான் மடங்கும். அரிவாளும் பிடிக்க முடியாது, மாடும் கறக்க முடியாது. ரப்பர் காம்பை அழுத்த அது போதும்.

காலையில் பால்பொடியை வாளியில் கரைத்து ஃபைபர் பசுக்களின் முதுகிலிருக்கும் மூடியைத் திறந்து ஊற்றுவாள். பேருந்து வரும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவதில்லை, பொத்த அங்கே நாற்றம் ஒன்றும் இல்லை. அந்தக் குளியல் கேள்வியை அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வரிசையில் நிற்கச் சொல்வாள், உட்கார், அழுத்து, போதும், அடுத்த ஆள் என்பாள். ஆசிரியைகள் படம் எடுப்பார்கள். பழைய ஆசிரியை ஒருத்தி, முன்னெல்லாம் இந்த அக்கா எவ்வளவு சிரிக்கவைப்பாள் தெரியுமா என்று புதியவளிடம் சொல்லிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது.

அடுத்த வருஷம் பாசிர்ஹொஞ்சே பள்ளிக்கூடத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். மாடு வைத்திருந்த ஊரில் இருந்து அதுவரை எந்தப் பிள்ளையும் மாடு பார்க்க வந்ததில்லை. இப்போது அந்த ஊரில் எண்ணி நாலைந்து வீட்டில்தான் மாடு. வரிசையில் சீஃபா நின்றாள். உயரம் கூடியிருந்தாள், முன்பல் விழுந்திருந்தது. அவள் முறை வந்ததும் சீஃபா முக்காலியை இழுத்து, பசுவின் வலது பக்கமாக, அப்பா உட்காருவதுபோல் சரியாக உட்கார்ந்தாள். மடியை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"பீச்சு கண்ணு" என்றாள் இமாஸ்.

"சில்லுன்னு இருக்கு."

"பரவால்ல, சும்மா அழுத்து."

சீஃபா நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரியாத முகமில்லை அது. ஆனால் பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். "எனக்கு வேண்டாம் அக்கா" என்றாள். மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே, அக்கா. எழுந்து போய்த் தோழிகளோடு முயல் கூண்டுப் பக்கம் நின்றுகொண்டாள். இமாஸ் அவளுக்கென்று ஸ்ட்ராபெரி பால் பொட்டலம் இரண்டு எடுத்து வைத்திருந்தாள். பேருந்து கிளம்பும்வரை அவள் கையிலேயே இருந்து அவை சூடாகிப்போயின.

மறுவாரம் யாயத் பாண்டுங்கிலிருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிராமத்துக்கு நடந்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை. கொட்டகையில் யாரோ மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்கள். மூங்கில் தட்டியைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும் என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாள். எந்த உறவில் கல்யாணம், யாருக்கு என்று இமாஸ் கேட்கவில்லை. அவளுக்கு அழைப்பு வரவில்லை.

இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஃபைபர் பசுக்களில் ஒன்றுக்கு அடியில் விரிசல் விட்டு வெள்ளைத் தண்ணீர் சொட்டுகிறது, புதிதாக வாங்குவதாகக் கிலாங் சொல்லிக்கொண்டிருக்கிறான். பேருந்து ஹாரன் கேட்டால் இமாஸ் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போகிறாள்.